சங்கம் வெட்டிய காரைப்புதர்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசை இல்லாமல் ஆரம்பித்தால் கோபம் முந்திக்கொள்கிறது.

1. உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரிக்குக் கீழே இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் தெருவுக்கென்று ஒரு முன்னேற்றச் சங்கம் தொடங்கினார்கள். வீட்டுக்கு ஒரு ஆண் உறுப்பினர். அரிசி மில் வைத்திருப்பவர் தலைவர். என் அண்ணன் செயலாளர்.

2. சங்கத்தின் முதல் வேலை தெருவிளக்கு. இரண்டாவது, எல்லோரும் கேட்க ஒரு ரேடியோ. இரண்டும் நல்ல வேலைகள். குறை சொல்ல மாட்டேன்.

3. மூன்றாவதாக, ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கில் மண்டிக்கிடந்த காரைப்புதரை வெட்டி, இடத்தைச் சமன்செய்து, பூங்கா அமைப்பது என்று தீர்மானித்தார்கள்.

4. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானமாக வெட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் கொளுத்தியும் முடித்தார்கள்.

5. வெட்டியவர்களுக்குப் புளிசாதம் கட்டிக்கொடுத்தவர்கள் எங்கள் தெருப் பெண்கள். நானும்தான்.

6. அந்தப் புதர்தான் எங்கள் தெருப் பெண்கள் வெளிக்குப் போகும் இடம். வேறு இடம் கிடையாது.

7. இது சங்கத்து ஆண்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

8. என் அண்ணி அப்போது முழுகாமல் இருந்தாள். புதர் எரிந்த மறுநாளிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள்.

இனி விவரம்.

நான் சென்னையில் பாலிடெக்னிக்கில் கட்டடப் படம் வரையப் படித்துவிட்டு, பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பள்ளிக்கூடக் கட்டடம், சிறுபாலம், குடிநீர்க் கிணறு என்று மற்ற ஊர்களுக்கு வேண்டியதையெல்லாம் நாள் முழுக்க வரைந்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் எங்கள் ஊருக்குத் திரும்புவேன்.

எங்கள் தெரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. முன்னால் தெரு. பின்னால் மாட்டுக்கொட்டகை, கிணறு, அதற்கப்பால் அடுத்த தெருவின் கொட்டகையும் கிணறும். ஒதுங்குவது என்றால் ஊருக்கு வெளியேதான். ஆண்களுக்கு வாய்க்கால் பக்கம். வேப்பங்குச்சியைக் கடித்தபடி எந்த நேரமும் போவார்கள், எதிரே வருபவரிடம் நெல் விலை பேசிவிட்டுப் போவார்கள். பெண்களுக்கு ஏரிக்கரைப் புதர். விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும் மட்டும்.

அது நல்ல இடம் என்று நான் சொல்லவில்லை. மழையில் சேறு, வெயிலில் முள், தேள் உண்டு, நாற்றம் உண்டு. ஆனால் காரைச்செடி குடை மாதிரி கவிந்து வளரும். ஒவ்வொரு குத்துக்கும் நடுவே ஒரு ஆள் உட்கார்ந்தால் வெளியே தெரியாத இடைவெளி இருக்கும். அந்தப் பக்கம் ஆண்கள் வரமாட்டார்கள். யாரும் சட்டம் போடாமலே அது அப்படி இருந்தது. எங்கள் தெருவுக்கு வாழ வருகிற பெண்ணை, வந்த மறுநாள் விடியற்காலையில் மாமியார் அங்கே கூட்டிக்கொண்டு போவாள். எந்தக் குத்து நம் வீட்டுக்கு, குச்சியால் எப்படித் தட்டிவிட்டு உட்கார வேண்டும், யார் வந்தால் எப்படி இருமிக் காட்ட வேண்டும் என்று சொல்லித் தருவாள். அண்ணியை அம்மா அப்படித்தான் கூட்டிப்போனாள். புகுந்த வீட்டில் அண்ணிக்கு முதலில் காட்டப்பட்டது பூஜை அறை. இரண்டாவது இது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் சொன்னதெல்லாம் "ஏரிக்கரை வேலை" என்பது மட்டும்தான். கரையில் மண் போடப் போகிறார்கள் என்று நினைத்தோம். எங்கள் வீட்டு முற்றத்தில் பெரிய அண்டா வைத்துப் புளிசாதம் கிளறி, மந்தாரை இலையில் கட்டி அனுப்பினோம். மத்தியானத்துக்கு மேல் புகை எழுந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இன்னாடி அது, அந்தாண்ட பொகையுது?"

"காரைச்செடிய கொளுத்துறாங்களாம் அத்தே," என்றாள் அண்ணி.

"எந்தக் காரைச்செடிய?"

ஏரிக்கரையில் இருந்தது ஒரே காரைப்புதர்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "நாம கட்டிக்குடுத்த சோத்தையே துன்னுட்டு நம்ம மறைப்ப வெட்டிட்டானுங்க பாரு, கட்டையில போறவனுங்க!"

அவள் மகனும் வெட்டப் போயிருந்தான். அது நினைவுக்கு வந்து, "எம்புள்ளைய சொல்லல, மத்தவனுங்கள சொன்னேன்," என்று சேர்த்துக்கொண்டாள்.

ராத்திரி அண்ணன் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். கையெல்லாம் முள் கீறல். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"எந்தக் காலத்துலேருந்தோ மண்டிக் கெடந்த எடம். ஒரே நாள்ல தொடச்சி வெச்ச மாரி ஆக்கிட்டோம். பெஞ்சு போடறோம். ரேடியோவயும் அங்கயே மாத்திடலாம்னு தலைவரு சொல்றாரு. காத்து இன்னா மாரி வருது தெரியுமா?"

"பொம்பளைங்க எங்க போவாங்க?" என்று கேட்டேன்.

"எங்க போவாங்கன்னா?"

"வெளிக்கிண்ணே. வெளிக்கி எங்க போவாங்க?"

அம்மா கரண்டியால் குண்டானை ஓங்கித் தட்டினாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "சோறு துன்ற எடத்துல இன்னா பேச்சு அது? பட்டணத்துல படிக்க வெச்சா இதான்."

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப் போனாப் பூடுது. அத்தயெல்லாம் மீட்டிங்ல எப்பிடி எடுத்துப் பேசறது? அத்தினி ஆம்பளைங்க குந்திக்கினு கீற எடத்துல?"

"அத்தினி பேருக்கும் தெரியும் இல்ல?"

"தெரிஞ்சா? தெரிஞ்சா சொல்லிட முடியுமா?"

அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரிய வைக்கிறது. அந்தக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று பிறகு அவனே சொன்னான். பாம்பு இருக்கிறது என்றார் ஒருவர். ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற அசிங்கம் என்றார் இன்னொருவர். யாருக்கும் பயன்படாத இடம் என்று தலைவர் முடித்தாராம். அவருடைய தாய், மனைவி, இரண்டு மகள்கள் விடியற்காலையில் எங்கே போய் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். சொல்லக் கூடாத ஒன்று இருந்தால், அதைச் சொல்லாமலே இருந்து, கடைசியில் அது இல்லவே இல்லை என்று தீர்மானமும் போட்டுவிடலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பூங்கா வந்தது. சிமெண்ட் பெஞ்சுகள், நடுவில் கொடிக்கம்பம், ஓரத்தில் குரோட்டன்ஸ் செடிகள், கம்பத்தின் மேல் ரேடியோவின் ஒலிபெருக்கி. முன்பெல்லாம் இருட்டினதும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிற ஆண்கள், இப்போது ஏரிக்காற்றில் உட்கார்ந்து ராத்திரி ஒலிபரப்பு முடியும்வரை ரேடியோ கேட்டார்கள். விவசாய நிகழ்ச்சி, செய்தி, பாட்டு. பெண்கள் சொம்போடு கதவுக்குப் பின்னால் நின்று, ரேடியோ எப்போது நிற்கும் என்று காத்திருந்தார்கள். காலையில் பூங்காவைத் தாண்டி, மதகைத் தாண்டி, சுடுகாட்டுப் பாதைவரை போக வேண்டியிருந்தது. அங்கே மறைவு என்று சொல்ல நாலு பனங்கன்றுகள். யாராவது வண்டி ஓட்டி வந்தால் எழுந்து நிற்க வேண்டும். போவதும் எழுந்து நிற்பதுமாகவே பாதி விடிந்துவிடும்.

காலனியிலிருந்து எங்கள் நிலத்துக்குக் களையெடுக்க வருகிற ஒரு அம்மாள், வரப்பில் என்னையும் அண்ணியையும் பார்த்துச் சிரித்தாள்.

"சின்னம்மா, உங்க அண்ணன் வெட்டுங்கடான்னாரு, எங்க ஆம்பளைங்க போயி வெட்டினாங்க. புதர்ல எங்க பொம்பளைங்க போற கோடியும் சேந்து பூடுச்சி. ஆனா ஒண்ணு சொல்லணும், சங்கம் நல்ல காரியம் பண்ணிகீது. காலையில சுடுகாட்டாண்ட வந்து பாரு. உங்க தெருவு, எங்க தெருவு, வித்தியாசமே கெடையாது. அல்லாரும் ஒண்ணாதான் எயிந்து நிக்கறோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை. அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அவ்வளவு தூரம் நடப்பதும் குனிந்து எழுவதும் கஷ்டம். அதனால், தண்ணீரை முன்பே குறைத்திருந்தவள், தன் கணக்கில் இன்னும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். ராத்திரிச் சோற்றை விட்டாள். காலைக் கஞ்சியைப் பாதியாக்கினாள். தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. முழுகாமல் இருக்கிறவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா திட்டினாள், மசக்கை என்றாள். அவ்வளவுதான்.

குளிரும் காய்ச்சலும் வந்தபோது நான்தான் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், நீர் கடுக்கிறதா என்று கேட்டாள். அண்ணி தலையை ஆட்டினாள்.

"தண்ணி குடிக்கிறியா?"

"குடிக்கிறேன்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

அண்ணி தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாள். "படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே, வீட்டுல கவனிக்க மாட்டீங்களா? தண்ணி குடிக்காம அடக்கி அடக்கி வச்சா இப்படித்தான் வரும். இந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தா குழந்தை தங்காது. நல்லாத் தெரிஞ்சுக்கோ."

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "குடிக்கலாம் பாப்பா. குடிச்சா எங்க போவறது? அத்த அந்தம்மா சொல்லலியே."

அன்று இரவே வரைய உட்கார்ந்தேன். முதலில் எங்கள் பின்கட்டை வரைந்து பார்த்தேன். எங்கள் கிணறு ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக் கிணறு மறுபக்கம், பின்தெருக் கிணறு மூன்றாவது பக்கம். ஏரிக்குக் கீழே இருக்கிற ஊர். கொஞ்சம் தோண்டினாலே ஊற்று. எங்கே குழி போட்டாலும் யாருடைய குடிதண்ணீரிலாவது போய்ச் சேரும். எந்த வீட்டிலும் அதே கதைதான். கோடு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிட்டது, இது வீட்டுக்கு வீடு தீருகிற காரியமில்லை, தெருவே சேர்ந்து செய்ய வேண்டியது என்று. இதற்குத்தானே சங்கம்?

தெருவின் கிழக்குக் கோடியில், நெல்லடிக்கும் களத்துக்குப் பின்னால், தாழம்புதர் ஓரமாக ஒரு தாழ்வான துண்டு நிலம் இருந்தது. புறம்போக்குதான். அதற்குக் கீழே கிணறு எதுவும் இல்லை. அங்கே பெண்களுக்கு ஒரு கட்டடம் வரைந்தேன். ஆளுயரத்துக்கு மேல் சுவர். உள்ளே தனித்தனித் தடுப்பு. உட்காரப் பேசின் வைத்த குழிகள். ஓரமாகத் தண்ணீர்த் தொட்டி. வாசல் தெருவைப் பார்க்காமல் வயலைப் பார்த்து. வாசலுக்கு முன்னால் இன்னொரு மறைப்புச் சுவர். யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று எந்தப் பக்கத்திலிருந்தும் தெரியக் கூடாது. அந்தக் கட்டடத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு சுவர்தான்.

படத்தை அண்ணனிடம் கொடுத்தேன். டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. கட்டாயம் பேசுகிறேன் என்று எடுத்துப்போனான். கூட்டம் முடிந்து வந்தவனைக் கேட்டேன்.

"காட்டினேன். பாக்கலாம்னாங்க."

"யார் வரைஞ்சதுன்னு சொன்னே?"

"ஆபீஸ்ல ஓவர்சீயர் குடுத்தாருன்னு சொல்லிட்டேன்."

"ஏண்ணே?"

"கல்யாணம் ஆவாத பொண்ணு இந்த மாரி படம் போட்டிச்சின்னு நான் எப்பிடிச் சொல்றது? உனக்கு நாளைக்கி மாப்ளை பாக்க வாணாமா?"

"பாக்கலாம்" என்பது அப்படியே நின்றது. தெரு முனையில் வரவேற்பு வளைவு கட்டுவதா, பூங்காவுக்குக் கம்பிவேலி போடுவதா என்று அடுத்தடுத்த கூட்டங்களில் பேசினார்கள். அண்ணிக்குக் காய்ச்சல் இன்னொரு முறை வந்து போனது.

வளைகாப்புக்கு அண்ணியின் அம்மா திருப்புலிவனத்திலிருந்து வந்தாள். மகளின் கையில் வளையல் ஏற்றும்போதே மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். மறுநாள் விடியற்காலையில் மகளோடு சுடுகாட்டுப் பாதைவரை போய்விட்டு வந்தாள். வந்ததும், "இன்னைக்கே இட்டுக்கினு பூடறேன் சம்பந்தி," என்றாள். நல்ல நாள் பார்க்க வேண்டும் என்று அம்மா சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திருப்புலிவனத்தில் அவர்கள் வீட்டுக் கொல்லை நேராகத் தோப்பில் போய் முடிகிறது. அங்கே அண்ணி நன்றாகத் தண்ணீர் குடித்தாள். காய்ச்சல் நின்றது. பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, மற்றபடி குறை ஒன்றுமில்லை.

எங்கள் வழக்கப்படி மூன்றாம் மாதம் அழைத்துவரப் போனோம். அண்ணனும் நானும். பழம், பூ, குழந்தைக்கு வெள்ளி அரைஞாண். அண்ணியின் அம்மா, "மாப்ளே, மொதல்ல நாஷ்டா துன்னுங்க, அப்பால பேசிக்கலாம்," என்று இலை போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அண்ணி குழந்தையோடு வந்து எதிரே நின்றாள்.

"நான் வரல."

"இன்னா?"

"வெளிக்கிப் போவ எடம் இல்லாத ஊருக்கு நான் வரல. எடம் பண்ணுங்க, வரேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான். "இத்துக்காவா? இத்துக்காவ ஒருத்தி புருசன் வூட்டுக்கு வராம இருப்பாளா? ஊரே சிரிக்கும்."

"எப்பிடிச் சிரிப்பாங்க?" என்றாள் அண்ணி. "நீங்கதான் அத்த வாய தொறந்து யாராண்டயும் சொல்ல மாட்டீங்களே."

அவள் சொன்னபடியேதான் ஆயிற்று. அண்ணன் தனியாகத் திரும்பினான். ஏன் மருமகள் வரவில்லை என்று தெரு கேட்டது. உண்மைக் காரணத்தை எங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. காரணம் சொல்லாவிட்டால் தெரு தானே ஒன்று தயார் செய்துகொள்ளும். முதலில் நகைத் தகராறு என்றார்கள். பிறகு மாமியார் கொடுமை என்றார்கள். கடைசியில் என்னிடம் வந்து நின்றார்கள். ஆபீசுக்குப் போகிற நாத்தனார், சம்பாதிக்கிற திமிர், வாயும் வயிறுமாக இருந்தவளுக்குச் சோறு போடாமல் காயவைத்துவிட்டாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, பின்சீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னாள் ஒருத்தி. அவளும் விடியற்காலையில் சுடுகாட்டுப் பாதையில் எழுந்து நிற்கிறவள்தான். எனக்கு அவள்மேல் வந்த கோபம் அன்றைக்கே போய்விட்டது. பூங்காவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு என் அம்மாவைப் பற்றிப் பேசியவர்கள்மேல் வந்தது இன்னும் போகவில்லை.

அண்ணன் மாறினான். அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. வாரா வாரம் சைக்கிளில் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவான். வந்ததும் யாரோடும் பேசமாட்டான். ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, பெண்களுக்கு இடம் வேண்டும், இல்லாவிட்டால் செயலாளர் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டான். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். எதிர்த்துப் பேசவும் அதைப்பற்றிப் பேசியாக வேண்டும் என்பதால் யாரும் எதிர்க்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. சிமெண்ட் கேட்டு யூனியன் ஆபீசுக்கு எழுதிப் போட்டார்கள். மக்கள் பங்காகக் கல்லும் மணலும் வண்டிகளில் வந்து இறங்கின.

இறங்கிய இடம் களத்துக்குப் பின்னால் இல்லை. பஸ் நிற்கும் இடம்.

நான் ஆபீசிலிருந்து வந்து இறங்கியபோது, டீக்கடைக்கு நேர் எதிரே, ரோட்டோரமாகக் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். தலைவர் டீக்கடை பெஞ்சில் இருந்தார். அண்ணன் கொத்தனாரோடு நின்றான்.

"இங்க இன்னாண்ணே கட்டப் போறீங்க?"

"அதான்... உன் படந்தான்," என்றான் அண்ணன்.

அருகில் போய்ப் பார்த்தேன். என் படம்தான். ஆனால் வாசல் ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வாசலுக்கு முன்னால் இருக்க வேண்டிய சுவரைக் காணோம்.

"இது களத்துக்குப் பின்னாடி வர வேண்டியது. வாசல் வயலப் பாக்கணும். மறைப்புச் சுவர் எங்க?"

தலைவர் சிரித்தார். "நீ யூனியன் ஆபீஸ்ல படம் போடற பொண்ணுதானே? சொல்றேன் கேளு. தாழம்புதருக்குப் பின்னாடி கட்டினா எவன் கண்ணுல படும்? அதிகாரி வராரு, பஸ்ல போறவன் வரவன் பாக்கறான். சங்கம் செஞ்ச வேலை தெரிய வாணாமா? அந்தச் செவுரு வெச்சா சங்கத்து பேரு போட்ட போர்டு மறைஞ்சி பூடும்மா."

"போறவங்க தெரியக் கூடாதுன்னுதான் அந்தச் செவுரு."

டீக்கடையில் இருந்த ஆண்கள் எல்லோரும் திடீரென்று டீயைப் பார்த்தார்கள். நான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். தலைவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "கட்டடம் அதேதானே? வாசல் இந்தப் பக்கம் இருந்தா இன்னா, அந்தப் பக்கம் இருந்தா இன்னா? உங்க நைனாகிட்ட சொல்லி உன்ன வூட்ல இருக்கச் சொல்றேன் இரு."

இங்கேயும் பக்கத்தில் கிணறு இல்லை, ஆகவே தண்ணீர் கெடாது என்று அண்ணன் எனக்குச் சமாதானம் சொன்னான். நான் சொல்லிக்கொடுத்ததில் அதை மட்டும் அவன் பிடித்துக்கொண்டிருந்தான். கட்டட வேலை அவனுக்குப் பெரிது. மனைவியை அழைத்துவர ஒரு கட்டடம் வேண்டியிருந்தது, ஒரு கட்டடம் கிடைத்தது. அது எங்கே நிற்கிறது என்று பார்க்க அவனுக்குப் பொறுமை இல்லை.

திறப்பு விழாவுக்குத் தோரணம் கட்டினார்கள். மேலே நீலத்தில் வெள்ளை எழுத்தில் சங்கத்தின் பெயர், தலைவர் பெயர், செயலாளர் பெயர். எதற்கான கட்டடம் என்று மட்டும் போர்டில் இல்லை. அதிகாரி நாடாவை வெட்டினார், மாலை போட்டுக்கொண்டார், உள்ளே எட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். பெண்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை.

அன்று மத்தியான பஸ்ஸில் அண்ணன் அண்ணியைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. கூட்டம் இன்னும் கலையவில்லை. டீக்கடையில் நிற்க இடமில்லை. பஸ் நின்றது. அண்ணன் பெட்டியோடு இறங்கினான், பின்னால் அண்ணி குழந்தையோடு இறங்கினாள். நான் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

"அதோ பாரு," என்றான் அண்ணன். குரலில் அந்த முள் கீறல் நாளின் சந்தோஷம் திரும்பியிருந்தது.

அண்ணி பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். வாசலுக்கு நேர் எதிரே, கையில் கிளாஸோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். அவர்களில் ஒரு இளைஞன் பக்கத்தில் இருந்தவனிடம், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "செயலாளர் சம்சாரம் வந்துகீறாங்கடா, மொதல் போணி அவங்கதான்," என்றான். கடை முழுக்கச் சிரிப்பு.

அண்ணி கோபப்படவில்லை. அண்ணனிடம் மெதுவாகத்தான் கேட்டாள். "நான் சொம்ப எடுத்துக்கினு இவங்க எதிர்ல நடந்து போயி அந்தக் கதவ தொறக்கணும். அப்பிடித்தானே?"

அண்ணன் அப்போதுதான் டீக்கடையைத் திரும்பிப் பார்த்தான். தினமும் பார்க்கிற டீக்கடைதான். அங்கேதான் அவனும் உட்காருவான்.

எங்கள் ஊர்தான் பஸ்ஸுக்குக் கடைசி நிறுத்தம். டிரைவர் திருப்பி நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "அத்தைகிட்ட சொல்லிடு பாப்பா, கோச்சிக்கினு போவல," என்றாள். ஏறி, ஏற்கெனவே உட்கார்ந்து வந்த அதே சீட்டில் உட்கார்ந்தாள். பெட்டி அண்ணன் கையில் இருந்தது. அவனும் ஏறினான்.

இப்போது இருக்கிற நிலை இது. அந்தக் கட்டடத்தை இதுவரை ஒரு பெண்ணும் பயன்படுத்தவில்லை. பூட்டியிருக்கிறது. சாவி தலைவரிடம். உள்ளே மில்லின் உமி மூட்டைகள் இருக்கின்றன. சங்கம் நன்றாக நடக்கிறது, புதிய செயலாளர் வந்துவிட்டார், வரவேற்பு வளைவுக்குக் கம்பி வாங்கியாகிவிட்டது. களத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் ஒருவர் வைக்கோல்போர் போட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் தெருப் பெண்கள் இப்போதும் சுடுகாட்டுப் பாதைக்குத்தான் போகிறார்கள், நானும் போகிறேன். அண்ணி திருப்புலிவனத்தில் இருக்கிறாள். குழந்தை தவழ்கிறது. அண்ணனும் இரவு அங்கேதான் படுக்கிறான். காலையில் சைக்கிளில் வந்து எங்கள் நிலத்தைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறான். வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டான் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். ஏன் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

அதனால்தான் நான் எழுதுகிறேன்.

வெளிக்குப் போக இடம் இல்லை, அதனால் அண்ணி வரவில்லை.